இனிப்பு மாத்திரையைக் கொட்டியவள்

என் வீட்டுக்காரருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. அதை வெட்டிய டாக்டர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் உயிரைக் காப்பாற்றினார். கோபமெல்லாம் அந்தக் காலை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவர்கள்மேல். ஒருவர் என் வீட்டுக்காரரேதான். இன்னொருவர் அவருடைய அக்கா. மூன்றாவது ஆள் நான்.

கேட்கிறவர்களிடம் "சீனி வியாதி, தீ மிதிச்சதுல புண்ணு" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

புக்கிட் ரோத்தானைத் தாண்டித் தோட்டத்துக்குப் பிரியும் சாலை முனையில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, ஆறு மேசை. காலையில் தோசை, தேங்காய்ப்பால் ஊற்றி ஆக்கிய நாசி லெமாக். மத்தியானம் சோறு. எந்த நேரமும் தே. எங்கள் பக்கத்தில் 'தே' என்று மட்டும் சொன்னால் அது கெட்டிப்பால் தே. டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலைக் குவளையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, மேலே தேயிலைச் சாயத்தை ஊற்றி ஆற்றித் தர வேண்டும். பால் இல்லாமல் சீனி மட்டும் போட்டால் தே ஓ. இனிப்பில்லாத டின்பால் போட்டால் தே சி. அதிலும் சீனி வேண்டாம் என்கிறவர் கடைசியில் 'கோசோங்' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். என் கடையில் இத்தனை வருஷத்தில் கோசோங் கேட்டவர்கள் குறைவு. கேட்டால் பக்கத்து மேசைக்காரன் விடமாட்டான். "என்னா அண்ணே, சீனி வந்துருச்சா?" என்று சத்தமாகக் கேட்பான். கேட்கிறவனுக்கும் சீனி இருக்கும்.

என் வீட்டுக்காரர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. வெயிலில் ஆட்களோடு நடக்கிற வேலை. பழக்குலை வெட்டுகிறவனுக்குப் பின்னாலேயே போய் உதிரிப்பழம் பொறுக்கியாச்சா, மட்டையை அடுக்கியாச்சா என்று பார்க்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு தே, பத்து மணிக்கு ஒன்று, வேலை முடிந்து ஒன்று, மாலையில் வரிசையாக. ஆறு குவளைக்குக் குறையாது. நான்தான் கலக்கிக் கொடுத்தேன். நன்றாகக் கெட்டியாக.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இளைக்க ஆரம்பித்தார். தண்ணீர் தண்ணீர் என்று குடித்தார். இழுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். இனிப்புநீர் என்றார்கள். எத்தனை வருஷமாக உடம்பில் இருந்ததோ தெரியாது என்றார்கள். மருந்து கொடுத்துவிட்டு, உணவு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். தமிழ்ப் பெண். சின்ன வயது, கண்ணாடி போட்டிருந்தது.

"அங்கிள், ஒரு நாளைக்கு எத்தன கிளாஸ் தே குடிப்பீங்க?"

"ரெண்டு, மூணு" என்றார்.

"ஆறு" என்றேன் நான்.

"இவ கணக்கெடுக்கறாம்மா."

"நான்தானே ஊத்தறேன். எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஆறும் கெட்டிப்பாலா?"

"பின்ன? கெணத்துத் தண்ணியா?"

இனிப்பே இல்லாமல் பழகிக்கொண்டால்தான் நல்லது என்றது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரேயடியா முடியலன்னா ஸ்வீட்னர் இருக்கு. குட்டி மாத்திரை. ஒரு கிளாஸுக்கு ஒண்ணு போதும்" என்றது.

"அத போட்டா சீனி எறங்குமா?"

"எறங்காது அங்கிள். அது மருந்து இல்ல. அது எதையும் எறக்காது. புதுசா சீனி உள்ள போகாது, அவ்ளோதான் அதோட வேல. கிளினிக் மருந்த நீங்க சாப்பிட்டுத்தான் ஆகணும்."

நான் கேட்டேன், "கெமிக்கல்னு சொல்றாங்களே, கெடுதல் இல்லையா?"

"ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அளவு வெச்சிருக்காங்க ஆண்ட்டி. நாலஞ்சு மாத்திரை அந்த அளவு கிட்டகூடப் போகாது. பொறப்புலயே ஒரு மாதிரி நோய் இருக்கறவங்க ஒரு வகைய மட்டும் தொடக்கூடாது. அங்கிளுக்கு அது இல்ல. ஆனா ஒண்ணு. மாத்திரைதானே போட்டேன்னு ரெண்டு ரொட்டி சானாய் கூட உள்ள தள்ளுனா எல்லாம் வீண்."

இவ்வளவுதான் சொன்னது. இதைவிடத் தெளிவாக யாரும் எங்களுக்கு எதையும் சொன்னதில்லை. இதற்குப் பிறகு நான் கெட்டதற்கு எனக்குச் சாக்கு கிடையாது.

கோலா சிலாங்கூர் டவுனில் மருந்துக் கடையில் வாங்கினேன். நகக்கண் அளவு மாத்திரை. அவர் சட்டைப் பையில் சிகரெட் வைக்கிற இடத்தில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டார். முதல் வாரம் முகத்தைச் சுளித்தார். குடித்து முடித்த பிறகு நாக்கில் ஏதோ தங்குகிறதாம். கடையில் லோரிக்காரன் ஒருவன் தினமும் ஓட்டினான்.

"மண்டோரு மாத்திரை போடறாருடோய். அக்கா, எந்த மாத்திரைன்னு பாத்துக்குங்க லா. ராத்திரி தூங்க விடமாட்டாரு."

"உனக்கும் ஒரு நாள் வரும்டா. அப்ப நான் சிரிக்கறேன்" என்றேன்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் கொஞ்சமும் இறங்கவில்லை. எனக்கு ஆத்திரம். மாத்திரையில் ஏமாற்று என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க சுங்கை செம்பிலாங் போனபோது கண்டுபிடித்தேன். அங்கே ஒரு கடையில் உட்கார்ந்தோம். இவர் பாட்டுக்குத் 'தே' என்று கேட்டார். கெட்டிப்பால் தே வந்தது. சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து அதில் இரண்டு மாத்திரை போட்டுக் கலக்கினார்.

"என்ன பண்றீங்க?"

"சீனிக்குப் பதிலா மாத்திரை போடறேன். நீதானே போடச் சொன்ன?"

"அந்தப் பாலுல என்னா இருக்கு?"

"பாலு."

"பாலா? அதுல பாதி சீனிங்க! சீனிமேல மாத்திரைய போட்டுக் குடிச்சா எப்பிடி எறங்கும்?"

"கத்தாத. சீனி டப்பாவ நான் தொடவே இல்ல. நீ வேணும்னா கடைக்காரன கேளு."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒரு மாதம் முழுக்க மனுஷன் நம்பிக்கையோடு செய்திருக்கிறார். வீட்டிலும் கடையிலும் நான் தே சி கோசோங்தான் கொடுத்தேன். வெளியே போகும் இடமெல்லாம் கெட்டிப்பால்தான். டின்னில் எழுதியிருப்பதை நானே அன்று சாயங்காலம்தான் முதன்முதலாகப் படித்தேன். அத்தனை வருஷம் திறந்து ஊற்றிய டின். எத்தனை பேருக்கு ஊற்றியிருப்பேன்.

அதற்குப் பிறகு சரியானது. எங்கே போனாலும் தே சி கோசோங், ஒரு மாத்திரை. ஆறு குவளை நான்கானது. அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோது இறங்கியிருந்தது. அதற்கு அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். தாகம் நின்றது. மருந்தும் வேலை செய்தது, இதுவும் உதவியது. தீபாவளிக்குப் பாயசத்தில் அந்த மாத்திரையைப் போட்டுக் கொதிக்கவிட்டேன், இனிப்பே இல்லை. பத்து மாத்திரை போட்டும் இல்லை. கிளினிக் பெண்ணிடம் கேட்டால், "அந்த வக சூட்டுல நிக்காது ஆண்ட்டி, எறக்கி வெச்ச அப்பறம் போடணும்" என்றது. இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஒன்றரை வருஷம் நல்லபடியாகப் போனது. அந்த ஒன்றரை வருஷத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. வழி தெரியாமல் கெட்டிருந்தால் இவ்வளவு எரியாது.

இவருடைய அக்கா கோலா குபு பாருவில் இருக்கிறார். என் நாத்தனார். கெட்டவர் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் கிட்னி கெட்டு, ஆறு வருஷம் டயாலிசிஸ் செய்து இறந்தார். வாரத்துக்கு மூன்று நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தது இந்த அம்மாதான். அந்த ஆறு வருஷத்தில் அவருக்கு எல்லாவற்றின்மேலும் பயம் வந்துவிட்டது. டின்னில் வருவது பயம், பாக்கெட்டில் வருவது பயம், மாத்திரை என்றாலே பயம். இயற்கை என்று யாராவது சொன்னால் மட்டும் பயம் போய்விடும்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வருஷா வருஷம் தீமிதி. இவர் இருபத்தொரு வருஷமாக இறங்குகிறார். போன வருஷத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முதல் வாரம் நாத்தனார் வந்தார். கடை மேசையில் உட்கார்ந்திருந்தார். இவர் தே சியில் மாத்திரை போடுவதைப் பார்த்தார்.

"தம்பி, என்னாப்பா அது?"

"சீனிக்குப் பதிலு அக்கா."

அந்த அம்மா குவளையைப் பிடுங்கித் தள்ளி வைத்துவிட்டார். "இதைத்தான் உங்க மாமாவும் போட்டுக் குடிச்சாரு. இதுதான் அவரு கிட்னிய தின்னுச்சு."

"அண்ணி, மாமாவுக்குச் சீனி முத்திதானே கிட்னி போச்சு" என்றேன்.

"ஆறு வருஷம் கூட்டிக்கிட்டுப் போனது நீயா நானா?"

நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

நாத்தனார் கைப்பேசியை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். யாரோ ஒரு ஆம்பளை, டாக்டர் மாதிரிப் பேசுகிறான், டாக்டரா இல்லையா தெரியாது. செயற்கை இனிப்பு மூளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். கிட்னியை அரித்துவிடுமாம். புற்றுநோய் வரும் என்று வெளிநாட்டிலேயே ஒத்துக்கொண்டார்களாம். நம் முன்னோர் தந்த கருப்பட்டியும் தேனும் இருக்க, இந்த விஷம் எதற்கு என்று முடித்தான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். லோரிக்காரன்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டான்.

"காப்புக் கட்டப்போற ஒடம்பு தம்பி. வெரதத்துல இந்தக் கெமிக்கல போட்டுக்கிட்டா ஆத்தா முன்னால நிப்ப?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ பொண்டாட்டிதானே? இல்ல மருந்து வெக்க வந்தவளா?"

எல்லோர் முன்னாலும் கேட்டார். கிளினிக் பெண் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மறுநாள் காலையில் போய்க் கேட்டிருக்கலாம், இருபது நிமிஷ வழி. பயம் எனக்கும் வந்துவிட்டது. புற்றுநோய் என்ற வார்த்தை காதில் விழுந்தால் மற்றது எதுவும் காதில் ஏறுவதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷமாக அவரைக் காவல் காத்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. எல்லோரும் குடிப்பதை அவரும் குடிக்கட்டும் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது. சொன்னார்கள். நான் பிடித்துக்கொண்டேன்.

அவர் பையிலிருந்த டப்பாவையும் அலமாரியில் இருந்த இரண்டு புது டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையில் கொட்டினேன். என் கையால். யாரும் கொட்டச் சொல்லவில்லை. நிறுத்து என்றுதான் சொன்னார்கள். எல்லோரும் பார்க்கும்படி கொட்டினால் கெட்ட பெயர் போகும் என்று கொட்டினேன்.

அன்று முதல் கருப்பட்டி. மலாய்க்காரர்கள் கட்டியாக விற்கும் தென்னங்கருப்பட்டியை நாத்தனார் ஒரு பை நிறைய வாங்கிக் கொடுத்தார். "இது இயற்கை. எவ்வளவு போட்டாலும் ஒண்ணும் செய்யாது." நான் தட்டிப் போட்டேன். பால் டின்னில் வந்த சீனியும் கருப்பட்டியில் இருப்பதும் உடம்புக்குள் போனால் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுத ஆசை. சொன்னார்கள். கிளினிக் சுவரில் படம் போட்டே ஒட்டியிருந்தார்கள். விரதம் என்பதால் கோயிலில் தினமும் பானகம், சர்க்கரைப் பொங்கல். வெல்லம் கரைத்த பானகத்தை மனுஷன் சொம்பு சொம்பாகக் குடித்தார். மறுபடியும் தாகம் வந்தது. வெயில், விரதம், அதனால் தாகம் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம்.

கிளினிக் தேதி வந்தது. காப்புக் கட்டிக்கொண்டு ஊசி குத்தக்கூடாது என்று போகவில்லை. அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன், மருந்து அட்டை பிரிக்கப்படாமல் இருந்தது.

"மருந்து சாப்பிடலையா?"

"இப்பதான் எல்லாம் இயற்கையா சாப்பிடறேனே. அக்கா சொன்னிச்சு, ஒடம்பு தானா சரியாயிரும்னு."

அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அலமாரியைத் துடைத்தேன்.

தீமிதி அன்று மாலை, பூக்குழியைச் சுற்றிக் கூட்டம். வெட்டுக்காரர்கள், மில் ஆட்கள், டவுனுக்குக் குடிபோன பழைய தோட்டத்துக் குடும்பங்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். இவர் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். நடந்தார். அவசரமே இல்லாமல் நடந்தார். நடுவில் ஒரு நொடி நின்றுகூட நின்றார். கூட்டம் ஓவென்று கத்தியது. குழி முடிவில் கால் நனைக்கும் பால்குழியில் இறங்கி ஏறியவர் கால்களை யாரோ தொட்டுக் கும்பிட்டார்கள்.

"இந்த வருஷம் சுடவே இல்ல. பூவு மாதிரி இருந்துச்சு" என்றார் என்னிடம்.

"ஆத்தா அவன் காலத் தாங்கிட்டா" என்று நாத்தனார் அழுதார்.

நானும் அழுதேன். மறுநாள் கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். இருபத்தொரு வருஷத்தில் இந்த வருஷம்தான் சுடவே இல்லையாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே தே ஆற்றினேன். ஒருவனாவது "அக்கா, சுடாம போச்சுன்னா கால்ல உணர்ச்சி இல்லன்னு அர்த்தம்" என்று சொல்லவில்லை. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டவர்களில் பாதிப் பேருக்குச் சீனி.

ஐந்தாம் நாள் சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு கால் தடத்தைப் பார்த்தேன். தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். துணியில் மஞ்சளாக ஒட்டியது. நாற்றம் அடித்தது. காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்கால் தோல் பாதி கழன்று தொங்குகிறது. அந்தக் காலோடு அவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐந்து நாள் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

"வலிக்கலையா?"

"இல்லையே."

"இது வலிக்கலையா உங்களுக்கு?" விரலால் பச்சைச் சதையை அழுத்தியே பார்த்துவிட்டேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை அவருக்கு.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். கிளினிக்குக்குப் போவதற்கு முன்னால் அவருக்குத்தான் போட்டேன். "பூக்குழிப் புண்ணுக்கு ஆஸ்பத்திரி போனா ஆத்தாவ சந்தேகப்படற மாதிரி. மஞ்சளும் விபூதியும் அப்பி வையி" என்றார். அப்பி வைத்தேன். இன்னும் நான்கு நாள். காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. முதலில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, கருமை மேலே ஏறுகிறது, முட்டிக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

படுக்கையில் கிடந்தபோதுதான் சொன்னார். ரெண்டு வருஷமாகவே காலில் உணர்ச்சி குறைவாம். பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்குமாம். சொன்னால் தோட்டத்துக்குள் நடக்கிற வெளிக்காட்டு வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கிளினிக்கில் சொல்லவில்லையாம். என்னிடமும் சொல்லவில்லை. அப்படியென்றால் பூக்குழியில் இறங்கும்போது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'பூ மாதிரி' என்றார்.

"தெரிஞ்சா எறங்குனீங்க?"

"தெரியல... ஆத்தாதான்னு நெனச்சேன். கொஞ்சம் அப்பிடியும் நெனச்சேன், கொஞ்சம் இப்பிடியும் நெனச்சேன்."

ஒரு கால் போன மனுஷனிடம் என்ன சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்த பிறகு சக்கர நாற்காலியில் வைத்துக் கிளினிக்குக்குப் போனோம். அதே பெண் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டது. சாக்கடையில் கொட்டியதைச் சொன்னேன். திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அந்தப் புற்றுநோய்ச் சேதி பொய்யாம்மா?" என்று கேட்டேன்.

"முழுப் பொய் இல்ல ஆண்ட்டி. ஒரு வகைய, 'வரலாமோ என்னமோ, இன்னும் பாக்கணும்'ங்கற லிஸ்ட்ல சேத்தாங்க. ஆனா அதே சமயத்துல, பழைய அளவுக்குள்ள சாப்பிட்டா மாத்தத் தேவையில்லன்னும் சொன்னாங்க. ரெண்டாவது பாதிய யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க. அது போரிங்."

"நீ ஏன்மா இத அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கல ஆண்ட்டி."

உண்மை. நான் கேட்கவில்லை. அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னது. மாத்திரையே எல்லாம் என்று நம்புகிறவர்களும் கெடுகிறார்களாம். அதைப் போட்டே மெலிந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நாள்போக்கில் பெரிதாக ஒன்றும் ஆவதில்லையாம். இனிப்பு ஆசையே குறைய வேண்டும், இது நடுவில் ஒரு பாலம் மாதிரி என்றது. பாலத்தை நான்தான் உடைத்தேன்.

போன மாதம் நாத்தனார் வந்தார். வந்தவுடன் மடக்கிவிட்டிருந்த கால்சட்டையைப் பார்த்து அழுதார். நான் தே சி கலக்கி, அவர் கண்ணெதிரில் மாத்திரை ஒன்றைப் போட்டு இவரிடம் கொடுத்தேன்.

"மறுபடியும் அந்தக் கண்றாவியா? பட்டது போதாதா?"

"எது பட்டது அண்ணி? இதனாலயா பட்டோம்?"

"ஆத்தா கால எடுத்துக்கிட்டு உசுர விட்டுட்டா. அதுக்கு நன்றி சொல்லாம..."

"ஆத்தா எடுக்கல. நீங்களும் நானும்தான் எடுத்தோம். உங்க கருப்பட்டி, என் கை."

"ஏன்டி, கூடப் பொறந்தவ நான். என் தம்பி காலு போகணும்னா நெனப்பேன்?"

"நெனக்கல. நானும்தான் நெனக்கல. நெனக்காமயே எடுத்துட்டோம்."

இவர் குவளையைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் வாய மூடுங்க லா. உங்க ரெண்டு பேரு வாயாலயா குடிச்சேன்? என் வாயாலதான் குடிச்சேன். காலு என்னோடது. ஆளாளுக்குப் பங்கு கேக்காதீங்க."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். போய்த் தட்டு கழுவினார். நானும் போய் நின்றேன். ஒருவர் கழுவ ஒருவர் துடைத்தோம். கடைசித் தட்டைக் கொடுக்கும்போது, "அவரு கிட்னி... சீனியாலதான் போச்சா?" என்று கேட்டார். "ஆமா அண்ணி" என்றேன். தலையை ஆட்டினார். ஆறு வருஷம் கூட்டிக்கொண்டு போன இடத்தில் ஒருவரிடம்கூட இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க மாட்டார்.

இப்போது மிச்சம் இருப்பது இடது கால். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒன்று போனவர்களுக்கு மற்றது போவது சாதாரணமாக நடக்கிறது, அதைக் காப்பாற்றுவது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்றார். வேலை போய்விட்டது. கட்டைக்கால் போட்டுப் பழகுகிறார். இந்த இடது காலும் போனால் அவர் எழுந்து நிற்கவே முடியாது. எங்கள் வீட்டில் இப்போது எல்லாமே அந்தக் காலுக்காகத்தான். அளந்த சோறு, மருந்து அட்டை, கோசோங், மாத்திரை.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் அந்தக் காலைக் கழுவி, துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். அதோடு கிளினிக் நர்ஸ் ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்தார். அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் உள்ளங்காலில் அங்கங்கே விரல் நுனியால் லேசாகத் தொட வேண்டும். தொட்டது தெரிந்தால் அவர் 'ஆமா' சொல்ல வேண்டும். தெரியாத இடம் வந்தால் உடனே கூட்டி வரச் சொன்னார்.

நேற்றுக் காலை நாற்காலியில் உட்கார்ந்து காலை என் மடியில் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். கட்டை விரலில் தொட்டேன்.

"ஆமா."

குதிகாலில் தொட்டேன்.

"ஆமா."

நடுப்பாதத்தில் தொட்டேன். பதில் இல்லை. விரலை எடுத்து, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தார், பரீட்சை எழுதுகிற மாதிரி. எங்கும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"ஆமா" என்றார்.

என் விரல் அவர் காலுக்குப் பக்கத்திலேயே இல்லை.

"ஆமா. இப்பவும் தெரியுது. நல்லாத் தெரியுது."

அவர் காலைக் கீழே வைத்துச் செருப்பை மாட்டிவிட்டேன். கடைக் கதவில் 'இன்று மத்தியானம்வரை மூடல்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். எதற்கு என்று கேட்டார். கிளினிக்குக்கு என்றேன். இன்றைக்குத் தேதி இல்லையே என்றார்.

"பேசாம வண்டியில ஏறுங்க" என்றேன்.